கைத்துப்பாக்கியும் கைவிளக்கும்

புளியறை! செங்கோட்டையைக் கடந்து மேற்கே செல்லும் கொல்லம் சாலையில், தமிழகத்தின் கடைசிச் சோதனைச் சாவடி நிற்கும் ஊர். அதற்கப்பால் மலை, வளைந்து வளைந்து ஏறும் பாதை, ஆரியங்காவுக் கணவாய். சரக்கேற்றிய லாரிகள் இரவெல்லாம் அப்பாதையில் முனகிக்கொண்டு ஏறுகின்றன. குற்றாலத்தில் குளித்து மகிழ்ந்த குடும்பங்கள் காரிலே திரும்புகின்றன. பகலிலே கண்ணுக்குக் குளிர்ச்சியூட்டும் அம்மலை, இரவிலே நெஞ்சுக்கு நடுக்கமூட்டுகிறது.

அந்த நடுக்கத்திலே ஒரு வினா பிறக்கிறது. "தனிவழியில் காரோட்டிச் செல்பவன், தற்காப்புக்கென ஒரு சிறு கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டால் என்ன? விலை மலிந்ததாக, கைக்கு அடக்கமானதாக ஒன்று வாங்கலாகாதா?"

இவ்வினாவைக் கேட்டு நாம் முகஞ்சுளிக்கப் போவதில்லை. உயிர் எவருக்கும் இனியது. தாக்க வருபவனைத் தடுக்கும் உரிமையைச் சட்டமும் ஒப்புகிறது. 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் ஒப்பியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் ஒப்புகிறது. ஆனால் அதே சட்டம் ஓர் எல்லையும் வகுக்கிறது: தற்காப்புக்குத் தேவையான அளவுக்குமேல் தீங்கு செய்யலாகாது. அந்த அளவை அறிவது யார்? இருட்டிலே, இமைப்பொழுதிலே, அச்சத்தால் கை நடுங்கும் அவனேதான்!

ஆயுத உரிமையின் வரலாற்றையும் மறந்துவிடவில்லை நாம். லிட்டன் பிரபு காலத்து 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், இந்தியனுக்கு உரிமம் வேண்டும் என்றது, வெள்ளையனுக்கு விலக்களித்தது. அந்த இழிவு உறுத்தியதால்தான், 1931இல் கராச்சியில் கூடிய காங்கிரசு தன் அடிப்படை உரிமைப் பட்டியலில், ஒழுங்குமுறைக்கு உட்பட்டு ஆயுதம் தாங்கும் உரிமையையும் சேர்த்தது. எனினும் 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் அதனை அடிப்படை உரிமையாக்கவில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நிறவேற்றுமையை நீக்கி, உரிமத்தை அனைவர்க்கும் பொதுவாக்கிற்று. இன்று புளியறையார் உரிமம் கேட்டால், காவல்துறை விசாரித்து அறிக்கை தரும். மாவட்ட ஆட்சியர் முடிவு செய்வார். உரிமம் எந்த எல்லைவரை செல்லும் என்பதும் அதிலேயே எழுதப்பட்டிருக்கும். தமிழகத்துக்கு மட்டும் பெற்றவன் சாவடியைக் கடந்து கேரளத்தில் கால்வைத்தால், காப்பாற்ற வந்த கருவியே குற்றச்சாட்டாக மாறும்!

விலையைப் பார்ப்போமா? டெல்லியில் 2012 டிசம்பரில் நடந்த கொடுமைக்குப் பின், பெண்களின் தற்காப்புக்கென்று சொல்லி, கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014இல் 'நிர்பீக்' என்ற சிறு ரிவால்வரை வெளியிட்டது. எடை அரைக்கிலோ. விலையோ 1,22,360 ரூபாய்! எந்தப் பெண்ணுக்கு? வயலிலே நாற்று நடுபவளுக்கா, பீடி சுற்றுபவளுக்கா? நள்ளிரவிலே மலையேறும் லாரி ஓட்டுநருக்கா? அச்சம் அனைவர்க்கும் பொது. காப்பு மட்டும் பணமுடையோர்க்கா? பாதுகாப்பைக் கடைச்சரக்காக்கிவிட்டால், வாங்க இயலாதவன் உயிர் மலிவாகிவிடுகிறதே!

"விலை குறையட்டும், எல்லோரும் வாங்கட்டும்" என்பர் சிலர். அவ்வழி சென்ற நாட்டையும் பார்ப்போம். அமெரிக்காவில் 1791 முதல் ஆயுத உரிமை அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 2022இல் அங்கே துப்பாக்கியால் மாண்டோர் ஏறத்தாழ 48,000 பேர். அவர்களிலே பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள்! பகைவனுக்கென வாங்கியது, மனம் சோர்ந்த வேளையில் தனக்கே எமனாயிற்று.

நம் நாட்டிலும் பாடம் இல்லாமலில்லை. 1967 ஜனவரி 12 அன்று இராமாவரம் தோட்டத்திலே குண்டு பாய்ந்தது யார் உடலில்? கொள்ளைக்காரன் உடலிலா? ஒரே மேடையிலும் ஒரே திரையிலும் நின்ற இரு கலைஞர்கள், எம்.ஜி.ஆரும் எம்.ஆர். ராதாவும், குருதி வழிய மருத்துவமனைக்குச் சென்றனர். ராதா சிறைக்குச் சென்றார், எம்.ஜி.ஆரின் குரல் பழைய குரலாகத் திரும்பவில்லை. வாய்ச்சண்டையோடு முடியக்கூடியதைத் துப்பாக்கி குருதியிலே முடிக்கும்.

வண்டியிலே இருப்பவனுக்கு அது காப்பாகுமா என்றும் எண்ணிப் பாருங்கள். 1911 ஜூன் 17 அன்று, மணியாச்சி நிலையத்தில் இரயில் பெட்டியில் அமர்ந்திருந்தார் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ். ஒரு பேரரசின் படைபலமே அவர் பின்னால் இருந்தது. புளியறைக்கு அருகிலுள்ள செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன் சுட்டார், கலெக்டர் மாண்டார், சுட்டவரும் தம்மைச் சுட்டுக்கொண்டு மாண்டார். நேரத்தையும் இடத்தையும் தேர்ந்தெடுப்பவன் தாக்குபவனே. ஒரு கை சக்கரத்திலும் மறு கை பற்சக்கரத் தண்டிலுமாக மலைவளைவில் செல்பவன், எந்தக் கையால் எடுப்பான், எப்போது குறிபார்ப்பான்?

தாயத்தை அறுத்தெறிந்த தோழர்களே! பேய்க்கு அஞ்சாத நாம், சாலைக்கு அஞ்சும்போதும் அறிவைத் துணைக்கழைக்க வேண்டாமா? 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். வேகமும், உறக்கமும், குடியும், பழுதான பாதையும் தின்ற உயிர்கள் இவை. இந்த எமனை எந்தத் தோட்டா துளைக்கும்? தாயத்தாவது பயனற்றதே தவிரப் பிறர்க்குத் தீங்கற்றது. துப்பாக்கியோ வேலை செய்யும் தாயத்து. ஆகவேதான் அது கொடியது.

இனிப் புளியறையிலேயே நடந்ததைக் கேளுங்கள். 2024 பிப்ரவரி 25, நள்ளிரவு கடந்த வேளை. கேரளத்திலிருந்து பிளைவுட் ஏற்றிவந்த லாரி ஒன்று, எஸ் வளைவருகே கவிழ்ந்து, கீழே தண்டவாளத்தின் மேல் விழுந்தது. ஓட்டுநர் மாண்டார். பாதையருகே வாழ்ந்த முதிய கணவனும் மனைவியும் ஓசை கேட்டு எழுந்தனர். இரயில் வரும் என்று உணர்ந்தனர். கைவிளக்கை ஏந்தித் தண்டவாளத்திலே ஓடினர், ஒளியை வீசினர், இரயில் நின்றது. பேரிடர் தவிர்ந்தது. அரசு ஐந்து இலட்சம் ரூபாய் பரிசளித்துப் பாராட்டியது.

நாம் கேட்கிறோம்: இருளிலே ஓடிவரும் உருவத்தை, மடியிலே துப்பாக்கி வைத்திருப்பவன் கண்டிருந்தால் என்னவென்று எண்ணியிருப்பான்? உதவிக்கு வருபவர் என்றா? கொள்ளைக்கு வருபவன் என்றா? துப்பாக்கி கைக்கு வருமுன்னே கண்ணுக்கு வந்துவிடுகிறது. காண்பவரையெல்லாம் பகைவராக்கிக் காட்டுகிறது. கைகாட்டி நிறுத்துபவன் வண்டி பழுதானவனாக இருக்கலாம். குருதி கொட்டக் கிடப்பவனின் தோழனாக இருக்கலாம். அவனைச் சுட்டபின் "தவறு" என்று சொன்னால் உயிர் திரும்புமா?

அச்சம் பொய்யென்று நாம் கூறவில்லை. அதற்கு மருந்து பொதுவிலே தேடப்பட வேண்டும் என்கிறோம். வளைவுகளில் விளக்கு கேட்போம். இரவுக் காவல் கேட்போம். ஓட்டுநர்கள் உறங்க இடம் கேட்போம். ஆட்சியிடம் உரிமையோடு கேட்டுப் பெறுவோம். அந்த விளக்கு ஏழைக்கும் எரியும், பணக்காரனுக்கும் எரியும். 1,22,360 ரூபாய் கேட்காது.

புளியறை இருளிலே ஓர் இரயிலை நிறுத்த, இரண்டு முதிய உள்ளங்களும் ஒரு கைவிளக்கும் போதுமானவையாக இருந்தன. வாலிபர்களே, உங்கள் கையில் எது இருக்கப் போகிறது?