அடித்த வரி அழியாமல் இருக்கட்டும்

மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட வந்த ஒரு தாய், மகனின் கணக்கு நோட்டை என் மேசைமேல் விரித்து வைத்தார். "பாருங்க சார், ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. இவ்வளவு சுத்தமா எழுதுறவன் பரீட்சையில மட்டும் ஏன் சார் முப்பதைத் தாண்ட மாட்டேங்குறான்?" என்றார். புரட்டிப் பார்த்தேன். முத்து முத்தான கையெழுத்து. ஒவ்வொரு கணக்கும் கைடில் உள்ளபடியே இருந்தது, அதிலிருந்த அச்சுப்பிழை உட்பட. அவர் கேட்டதற்கான பதில் அந்தச் சுத்தத்திலேயே இருந்தது. அதை அந்த அம்மாவின் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

கணக்கு ஆசிரியன் மாணவனிடம் கூரிய மூளையை எதிர்பார்ப்பதாக ஊர் நினைக்கிறது. நாங்கள் எதிர்பார்ப்பது நேர்மையை. தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு எழுதுவது, தெரியாத இடத்தில் நின்று கேட்பது, தவறிய வரியை ஒரு கோட்டால் அடித்துவிட்டு அதன் கீழேயே மறுபடி தொடங்குவது ஆகிய மூன்றும் போதும். அடித்த வரி எனக்கு ஒரு கடிதம் மாதிரி. பிள்ளை எந்தத் திருப்பத்தில் வழி தவறினான் என்பதை அதுதான் சொல்லும். ரப்பரால் அழித்துவிட்டாலோ, பார்த்து எழுதிவிட்டாலோ அந்தக் கடிதம் எனக்கு வந்து சேராது.

ஒரு சிறிய கணக்கைச் சொல்கிறேன். அரையும் மூன்றில் ஒன்றும் கூடினால் எவ்வளவு என்று கேட்டால், மேலெண்களையும் கீழெண்களையும் தனித்தனியே கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பிலும் உண்டு. நான் சிவப்பு மையில் சுழிப்பதில்லை. "அரைக் கிலோ சர்க்கரையோடு இன்னும் கொஞ்சம் போட்டால் எடை குறையுமா?" என்று கேட்பேன். ஐந்தில் இரண்டு என்பது அரையைவிடக் குறைவு. அது உறைத்த கணத்தில் பிள்ளை தானே சிரித்துவிடுவான். தன் விடையைத் தானே சந்தேகித்துச் சரிபார்க்கும் இந்தப் பழக்கத்தைத்தான் பாடத்தின் உயிர் என்பேன். கரும்பலகையில் நான் தவறு செய்தால் கடைசி பெஞ்சு மாணவனும் எழுந்து சொல்லலாம். சொன்னதும் நான் திருத்தியாக வேண்டும். வயதும் பதவியும் செல்லாத இடம் அது.

தேர்வுத் தாளும் இதையே கேட்கிறது. எங்கள் மாநிலப் பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் விடையை மட்டும் தேர்ந்தெடுக்கும் கேள்விகளுக்கு 14 மதிப்பெண்தான். மீதி 86-ம் எழுதியும் வரைந்தும் காட்டும் வழிமுறைக்கு. நடுவில் ஒரு கூட்டல் பிசகி விடை தவறினாலும், அதுவரை ஒழுங்காக வந்த படிகளுக்கு மதிப்பெண் உண்டு. வந்த வழியை மறைப்பவனுக்கு அந்தச் சலுகை இல்லை.

ராமானுஜன் படிகளை எழுதினாரா என்று கெட்டிக்கார மாணவர்கள் மடக்குவார்கள். காகிதம் வாங்க வசதியில்லாமல் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் குறித்தவர் அவர். 1913-ல் அவர் அனுப்பிய தேற்றங்களைக் கண்டு வியந்த ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டியும், நிரூபணங்களை அனுப்பும்படிதான் முதலில் கேட்டார். அந்த நோட்டுகளில் இருந்தவற்றுக்கு நிரூபணங்களைத் தொகுத்து அமெரிக்கக் கணித அறிஞர் புரூஸ் பெர்ன்ட் வெளியிட்ட நூல் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக வளர்ந்தது. வறுமை அழிக்க வைத்த படிகள் அவை. நோட்டு வாங்க வழியுள்ள பிள்ளைகள் அதைச் சாக்காகச் சொல்லக் கூடாது.

மாணவனிடம் நான் கேட்கும் இன்னொன்று, தினமும் அரை மணி நேரப் பயிற்சி. பெருக்கினால் 72, கூட்டினால் 17 வரும் இரண்டு எண்களைக் கேட்டதும் எட்டும் ஒன்பதும் நாக்கில் வரவேண்டும். வராதவனுக்குக் காரணிப்படுத்துதல் மலையாகத் தெரியும். அவனைத் தடுப்பது இயற்கணிதம் இல்லை, ஐந்தாம் வகுப்பில் விட்டுப்போன வாய்ப்பாடு. தேர்வுக்கு முந்தின வாரம் இரவு பகலாக உட்கார்ந்தாலும் அந்தக் கடன் அடையாது.

இனிப் பெற்றோர். "எனக்கும் கணக்கு வராது, இவனுக்கும் வரல" என்று பிள்ளையின் காதுபடச் சொல்லாதீர்கள். ஏலச்சீட்டில் எந்த மாதம் எடுத்தால் எவ்வளவு தள்ளுபடி போகும் என்று விரல் நுனியில் வைத்திருக்கும் அம்மா அதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு பிள்ளை முயற்சியைக் கைவிட்டுவிடுகிறான்.

வீட்டுக்கு வந்ததும் "எத்தனை மார்க்?" என்று கேட்பதற்கு முன், "எந்தக் கணக்கு தப்பாச்சு?" என்று கேளுங்கள். படிக்காத பெற்றோரும் இதைக் கேட்கலாம். "எனக்குப் புரியுற மாதிரி சொல்லு" என்று பக்கத்தில் உட்காருங்கள். சொல்லத் திணறும் இடம்தான் அவனுக்குப் புரியாத இடம். அடியும், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதும் கணக்கைக் கொண்டுவருவதில்லை. தவறை மறைக்கும் வித்தையைத்தான் கொண்டுவருகின்றன. மதிப்பெண் அட்டையில் அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்ட பிள்ளைகளை விசாரித்திருக்கிறேன். எல்லோரும் சொன்ன காரணம் பயம் ஒன்றுதான்.

தவறை மறைக்கப் பழகியவன் வளர்ந்த பிறகு கடனை மறைப்பான், நட்டத்தை மறைப்பான். கணக்கை அஞ்சி ஒதுக்கியவனோ எளிதில் ஏமாறுவான். "மூணு வட்டிதான்" என்று ஒருவர் பணம் நீட்டும்போது, நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்பது வருடத்துக்கு 36 ரூபாய் என்று அவனுக்கு உடனே உறைக்காது. நான் கற்றுத்தரும் சதவீதம் ஒரு குடும்பத்தின் வீட்டுப் பத்திரத்தைக் காப்பாற்றக் கூடியது. அதனால்தான் மதிப்பெண்ணோடு என் கவலை முடிவதில்லை.

பெற்றோரே, இன்றிரவு பிள்ளையின் கணக்கு நோட்டை வாங்கிப் பாருங்கள். அடித்தல் திருத்தல் நிறைய இருந்தால் தட்டிக்கொடுங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் திட்ட வேண்டாம். கைடை மூடி வைத்துவிட்டு, ஒரே ஒரு கணக்கை உங்கள் முன்னால் போடச் சொல்லுங்கள். அது தப்பாக வந்தாலும் பரவாயில்லை, அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் என்னிடம் அனுப்பிவையுங்கள்.