விலை வைத்தவர்

அச்சுக்கூலி இல்லை, தாள் இல்லை, கிடங்கு வாடகை இல்லை. பிறகு மின்னூலுக்கு ஏன் இந்த விலை? அமெரிக்காவில் இந்தக் கேள்வி நீதிமன்றப் படியேறியது. குற்றவாளி யார் என்றும் தெரிந்தது. விலைதான் நிலையாக இறங்கவில்லை.

2007இல் கிண்டில் வாசிப்புக் கருவியைக் கொண்டுவந்த அமேசான், புதிய நூல்கள் பலவற்றை 9.99 டாலருக்கு விற்றது. அவற்றில் பலவற்றுக்குப் பதிப்பகத்திடம் அது கொடுத்த கொள்முதல் விலை அதற்கும் மேல். கருவி கைக்குப் பழகிவிட்டால் வாசகர் கடை மாற மாட்டார் என்ற கணக்கில் தாங்கிய நட்டம் அது. பதிப்பாளர்களுக்கோ வேறு கவலை: பத்து டாலருக்குப் படித்துப் பழகியவர் கெட்டி அட்டைக்கு 26 டாலர் தருவாரா?

2010இல் ஐபேடுடன் ஆப்பிள் வந்தது. விலையை நீங்களே வையுங்கள், எங்களுக்கு 30 விழுக்காடு போதும் என்றது. ஐந்து பெரிய பதிப்பகங்கள் இசைந்தன, விலை 12.99, 14.99 என்று ஏறியது. கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் வேடிக்கை புரியும். 26 டாலர் நூலின் மின்பதிப்பை முன்பு அமேசானுக்குப் பாதி விலைக்குக் கொடுத்தபோது பதிப்பகத்துக்கு 13 டாலர் வந்தது. புது ஏற்பாட்டில், 12.99 டாலருக்கு விற்றால் கழிவு போக ஏறக்குறைய 9.09. அந்த வரவில் கால் பங்கு வாங்கும் எழுத்தாளருக்கும் அதே விகிதத்தில் துண்டு விழும். வாசகர் கூடக் கொடுத்தார், பதிப்பகம் குறைத்து வாங்கியது. பேராசை என்று திட்டக்கூட வழியில்லை. அச்சுப் புத்தகத்தைக் காக்க அச்சத்தில் எடுத்த முடிவு.

2012இல், கூடிப் பேசி விலையை ஏற்றியதாக ஆப்பிள்மீதும் அந்தப் பதிப்பகங்கள்மீதும் அரசு வழக்குப் போட்டது. பதிப்பகங்கள் எல்லாம் சமரசத்துக்கு வந்தன. ஆப்பிள் மட்டும் நின்று வாதாடி, 2013இல் நீதிபதி டெனிஸ் கோட்டிடம் தோற்றது. 2016இல் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டை ஏற்க மறுக்க, 45 கோடி டாலர் கட்ட வேண்டியதாயிற்று. அதில் 40 கோடி வாசகர்களுக்கு. பலருக்கு அது கடைக் கணக்கில் வரவாக வந்தது, அதே கடையில் இன்னும் புத்தகம் வாங்கிக்கொள்ள.

சட்டத்தின் கண்ணில் கூடிப் பேசி விலையை ஏற்றியதுதான் குற்றம். தனித்தனியே ஏற்றினால் அது வியாபாரம். 2014இல் ஹாஷெட் பதிப்பகத்துடன் மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய அமேசான், கடைசியில் விலை வைக்கும் உரிமையை அதனிடமே விட்டது. மற்ற பெரிய பதிப்பகங்களும் அந்த வழிக்கு வந்தன. அத்தகைய மின்னூல்களின் விலைக்கருகே, இதை வைத்தவர் பதிப்பாளர் என்று அமேசான் ஒரு வரி போட்டது. உண்மையான வரிதான். அந்த விலையில் தன் கழிவும் அடக்கம் என்று சொல்ல மட்டும் அங்கே இடம் போதவில்லை.