பந்தியின்படி

ஆங்கில பாடத்தில் ‘சரியா, பிழையா’ என்று கேட்கிற வினாக்கள்தான் பிள்ளைகளுக்கு மிகவும் விருப்பமானவை. வசனம் எழுத வேண்டியதில்லை, ஓர் எழுத்தைப் போட்டால் போதும். ஒன்றுமே விளங்காத பிள்ளைக்கும் பாதிப் புள்ளி கிடைத்துவிடும். திருத்துகிறவருக்கும் அது இலேசு. நாற்பது கொப்பிகளை ஒரு பாடவேளைக்குள் முடித்துவிடலாம். அப்படியொரு வினா என் நித்திரையைக் கெடுத்த கதையையே இங்கு சொல்ல வந்தேன். கதை என்பதைவிட, எனக்கு இன்னும் முழுமையாக விடை கிடைக்காத ஒரு கேள்வி என்பது பொருந்தும்.

எங்கள் பிள்ளைகள் மூன்றாம் தரத்திலிருந்து ஆங்கிலம் படிக்கிறார்கள். எட்டாம் தரத்துக்கு வந்த பின்னும் ஒரு முழு வசனத்தைத் துணிந்து பேசுகிறவர்கள் சிலரே. வினைச்சொல்லின் மூன்று வடிவங்களையும் கிளிப்பிள்ளைபோல் ஒப்புவிப்பார்கள். “நேற்று எங்கே போனாய்?” என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். இதற்கு மாற்றாக ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் கற்றுக்கொண்ட வழி ஒன்றுண்டு. வாழ்க்கையைப் பற்றியோ இயற்கையைப் பற்றியோ பண்பாட்டைப் பற்றியோ எட்டுப் பத்து வசனங்களில் ஒரு சிறு பந்தி, அதன் கீழே ஐந்தாறு கேள்விகள். வாரத்துக்கு ஒன்று வாசித்தால் சொல்லும் வளரும், உலகமும் கொஞ்சம் தெரியவரும். நல்ல வழிதான். இன்றும் அதைத்தான் செய்கிறேன். பந்திகளை எங்கெங்கோ இருந்து எடுத்துப் பிரதிபண்ணிக் கொடுப்பேன்.

2023 ஆம் ஆண்டில் ஒருநாள் நான் கொடுத்த பந்தி நீரைப் பற்றியது. ஆறுகள் வயலுக்கு நீர் தருகின்றன, மீன் தருகின்றன, பிள்ளைகள் நீந்தி மகிழ்கிறார்கள் என்று போகும். மூன்றாவது கேள்வி, நீர் நமது நண்பன், சரியா பிழையா என்பது. வகுப்பு முழுவதும் சரி போட்டிருந்தது. ஒரு மாணவி மட்டும் பிழை என்று போட்டிருந்தாள். வேகமாகத் திருத்திக்கொண்டு போனவன், சிவப்புப் பேனையால் அதற்கொரு புள்ளடி போட்டுவிட்டு அடுத்த கொப்பியை எடுத்தேன்.

குறிஞ்சாக்கேணி எங்கே இருக்கிறது என்று தெரியாத வாசகர்களுக்காக ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டும். எங்களுக்கும் கிண்ணியா நகருக்கும் இடையில் களப்பு நீர் கிடக்கிறது. பழைய பாலம் புதிதாகக் கட்டப்படவிருந்த காலத்தில், மக்கள் படகுப் பாதையில் கடந்தார்கள். 2021 நவம்பர் 23 ஆம் திகதி காலை, பள்ளிக்கூடம் போகிற நேரத்தில், அந்தப் பாதை கவிழ்ந்தது. அன்றே ஆறு பேர் மௌத்தானார்கள். அவர்களிற் பெரும்பாலோர் பிள்ளைகள். அவர்களுக்குப் பிறகும் மரணம் நின்றுவிடவில்லை. நீரில் மூழ்கி இறந்தவர்கள் ஷஹீதுகள் என்று ஹதீஸ் சொல்கிறது, அழாதீர்கள் என்று பெரியவர்கள் ஆறுதல் கூறினார்கள். நானும் ஜனாஸாத் தொழுகையின் வரிசையில் நின்றவன்தான். இரண்டு வருடங்களுக்குள் அது என் சிவப்புப் பேனைக்கு மறந்துபோயிற்று.

அந்தப் பிள்ளை மறுநாள் இடைவேளையில் கொப்பியோடு வந்தாள். குரலை உயர்த்தவில்லை. “சேர், பொய்ச்சாட்சி சொல்லக்கூடாது எண்டுதானே ஓதப்பள்ளியில சொல்லித் தாறாங்க. தண்ணி எனக்குக் கூட்டாளி இல்ல. நான் எப்படிச் சரி எண்டு போடுறது?” என்று கேட்டாள்.

“பந்தியின்படி தானே மகள் கேட்டிருக்கு” என்றேன். எந்த ஆசிரியரும் சொல்லக்கூடிய விடை அதுதான்.

“பந்தி எழுதினவர் இந்தப் பக்கம் வந்திருக்காரா சேர்?” என்றாள். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. மணி அடித்தது, போய்விட்டாள்.

ஒரு பிரதியை வாசித்து அது சொல்வதைத் திருப்பிச் சொல்வது, அதற்குச் சாட்சி சொல்வதாகுமா? கேள்வி சிறுபிள்ளைத்தனமானது என்று முதலில் நினைத்தேன். யோசித்துப் பார்த்தபோது, எங்கள் சமூகம் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே இதைக் கேட்டிருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை முஸ்லிம்கள் பலர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பாடசாலைக்கு அனுப்ப மறுத்தார்கள். அப்பாடசாலைகள் பெரும்பாலும் மிஷனரிகளின் கையில் இருந்தன. வாசிப்புப் பாடத்தில் வேதக்கதை வரும். வாயால் வாசிப்பதை மனம் ஏற்றுக்கொள்ளும், மார்க்கம் போய்விடும் என்று அஞ்சினார்கள். அவர்களைப் பிற்போக்கானவர்கள் என்று எழுதுவது நமது ஆய்வாளர்களுக்கு வழக்கமாகிவிட்டது. நானும் மேடைகளில் அப்படிப் பேசியிருக்கிறேன். ஆனால் வாசிப்பு என்பது வெறும் எழுத்துக்கூட்டல் அல்ல, அதற்குள் ஓர் ஒப்புதல் ஒளிந்திருக்கிறது என்பதை அந்த எழுத்தறியாத வாப்பாமார் உணர்ந்திருந்தார்கள். அந்த உணர்வு பிழையானதல்ல. அதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவுதான் பிழை.

அறிஞர் எம்.ஸீ. சித்திலெவ்வை அந்த முடிவை எதிர்த்தார். 1882 இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கி, மார்க்கத்தையும் கைவிடாமல் ஆங்கிலத்தையும் கைவிடாமல் படிக்கலாம், அதற்கு நமது பாடசாலைகள் வேண்டும் என்று ஓயாமல் எழுதினார். 1892 இல் மருதானையில் தோன்றிப் பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த மத்ரஸாவுக்கு அவரது உழைப்பும், எகிப்திலிருந்து இங்கு நாடுகடத்தப்பட்டிருந்த ஒராபி பாஷாவின் ஆதரவும் துணைநின்றன. மொழியை எடுத்துக்கொள், அதனோடு வரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டாதே என்பதே அவர் காட்டிய வழி என்று நான் விளங்கிக்கொள்கிறேன். சொல்வதற்கு எளிது. எட்டாம் தரத்து வகுப்பில் அதை எப்படிச் செய்வது?

இதற்கு நமது மரபிலேயே ஒரு பழைய ஒழுங்கு இருக்கிறது. ஹதீஸை அறிவிப்பவர், இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டதாக என்று தொடங்குகிறார். அறிவிப்பது ஒரு வேலை. அது உண்மையா என்று எடைபோடுவது வேறொரு வேலை. கி.பி. 923 இல் மரணித்த இமாம் தபரி தமது பெரிய வரலாற்று நூலின் முகவுரையில், இதில் வாசகர் ஒப்புக்கொள்ள முடியாத செய்தி ஏதும் இருப்பின் அது தம்மிடமிருந்து வந்ததல்ல, அறிவித்தவர்களிடமிருந்து வந்தது, தாம் பெற்றதை அப்படியே எடுத்துத் தந்திருப்பதாக முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். அதுவும் ‘பந்தியின்படி’ தான். ஆக நான் அந்தப் பிள்ளையிடம் சொன்னது பொய்யல்ல. அவள் ‘சரி’ என்று போட்டிருந்தால் பொய்ச்சாட்சியாகியிராது, ஓர் அறிவிப்பாகவே இருந்திருக்கும்.

இப்படி என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு சில நாட்கள் இருந்தேன். ஆனால் அறிவிப்பாளர்கள் நம்பகமானவர்களா என்று ஆராய்வதற்கென்றே நமது முன்னோர் ஒரு கலையை வளர்த்திருந்தார்கள் என்பதும் உண்மை. அறிவிப்பதோடு நின்றுவிடுகிற கல்வி அவர்களுடையதல்ல. நாங்களோ முதற் பாதியை மட்டும் கற்பிக்கிறோம். மூன்றாம் தரத்திலிருந்து பதினோராம் தரம்வரை, பந்தி என்ன சொல்கிறது, பந்தி என்ன சொல்கிறது என்றே கேட்டுக் கேட்டு, பந்திக்கும் தன் வாழ்க்கைக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பதைப் பிள்ளைக்குப் பழக்கிவிடுகிறோம். வகுப்பில் ‘சரி’ என்று போட்ட மற்ற முப்பத்தொன்பது பேரும் இதே ஊர்ப் பிள்ளைகள். அவர்களிலும் அந்தக் காலை நேரத்தில் கரைக்கு ஓடியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நீரை மன்னித்துவிட்டார்கள் என்று நான் நம்பவில்லை. விடையெழுதும்போது தங்களைக் கொப்பிக்கு வெளியே வைத்துவிடப் பழகியிருந்தார்கள், அவ்வளவுதான். அவர்களுக்கு நான் முழுப்புள்ளி கொடுத்திருந்தேன்.

அவளது இரண்டாவது கேள்வியும் என்னை விடவில்லை. இந்தப் பக்கம் வந்த ஒருவர் எழுதிய பந்தியைத் தேடினேன். அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. கொட்டியாரக்குடா எங்கள் பக்கத்துக் கடல். புயலில் பாய்மரம் முறிந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் அங்கே வந்து ஒதுங்கியது. 1660 இல் கண்டி அரசனின் ஆட்கள் அதன் கப்டனையும் மகனையும் வேறு சிலரையும் பிடித்துச் சென்றார்கள். அந்த மகன்தான் ரொபட் நொக்ஸ். மூதூர்ப் பகுதியில் ‘வெள்ளைக்காரன் மரம்’ நின்ற இடத்தில், 1893 இல் நாட்டப்பட்ட நினைவுக்கல் இதைச் சொல்கிறது. தந்தை சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் பத்தொன்பது வருடங்களுக்கு மேல் இந்நாட்டில் இருந்து, 1679 இல் அரிப்புக் கோட்டைக்குத் தப்பியோடி, 1681 இல் லண்டனில் தமது நூலை வெளியிட்டார். மரங்கள், நெல், அட்டைகள், யானைகள், மக்களின் உணவு, உடை, சடங்கு என்று பகுதி பகுதியாக எழுதியிருக்கிறார். கண்டியில் இருந்த ஒரு பள்ளிவாசலுக்காகச் சோனகர் வீடு வீடாகப் பணம் தண்டியதைக்கூட விடவில்லை.

அந்நூலில் ஓரிடம் என்னை மிகவும் தொட்டது. ஒருநாள் ஒரு கிழவர் அவரிடம் ஓர் ஆங்கிலப் புத்தகத்தை விற்க வந்தார். திறந்து பார்த்தால் பைபிள். கையிலிருந்த பணம் முழுவதையும் கொடுத்துவிடவே நொக்ஸ் நினைத்தார். கூட இருந்த பையன் புத்தி சொன்னபடி ஆசையை மறைத்து, தாம் பின்னிய ஒரு தொப்பிக்கு அதை வாங்கிக்கொண்டார். தாய்மொழியில் ஒரு பைபிள் இல்லாமல் கிடந்த மனிதர்! வகுப்பில் இதைச் சொன்னபோது, தொப்பி விற்கிற ஊர்ப் பிள்ளைகள் அல்லவா, விலை குறைவு என்றார்கள்.

நொக்ஸின் பழைய ஆங்கிலத்தை உடைத்து எளிய வசனங்களில் சில பந்திகள் செய்தேன். நமது மண்ணைப் பற்றிய பந்தி என்றால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம். தீரவில்லை. தாளிப்பனையின் ஓர் ஓலை பதினைந்து இருபது பேரை மழையில் மூடும் என்று நொக்ஸ் எழுதுகிறார். அதைக் கேள்வியாக்கினேன். இம்முறை வகுப்பே ‘பிழை’ என்றது. “சேர், பனை ஓலையில ரெண்டு பேர் நிண்டாலே நனைவம்” என்றான் ஒரு பையன். நானும் நொக்ஸ் சற்று அளந்திருக்கிறார் என்றே நினைத்திருந்தேன். தேடிப் பார்த்தால், தாளிப்பனையின் ஓலை ஐந்து மீற்றர் வரை அகலும். எங்களில் யாரும் அந்த மரத்தைக் கண்டதில்லை. தெரிந்த பனையை வைத்துத் தெரியாத பனையை அளந்திருக்கிறோம். அங்கே பந்திதான் அறிந்திருந்தது. பிள்ளையும் சேரும் அறியவில்லை.

நொக்ஸின் இன்னொரு பகுதியை நான் வகுப்புக்குக் கொண்டுபோகவில்லை. இந்நாட்டு மக்கள் பொய் சொல்வதற்குக் கூசுவதில்லை என்று அவர் எழுதுகிறார். இதே மனிதர் தப்பியோடும் வழியில் அநுராதபுரத்தில் விசாரிக்கப்பட்டபோது, உலர்ந்த இறைச்சி வாங்க வந்தோம் என்று சொல்லியே உயிர் பிழைத்தார். அங்குள்ளவர்கள் தமிழ் பேசினார்கள், இவருக்குச் சிங்களம் மட்டுமே தெரியும். அவரது பொய் ஒரு மொழிபெயர்ப்பாளரின் வாய்வழியாகப் போயிற்று. பொய்ச்சாட்சியைப் பற்றிப் பேச இதைவிட நல்ல பந்தி கிடைக்காது. ஆனாலும் ஓர் இனத்தின்மீது சொல்லப்பட்ட பழியை எட்டாம் தரத்தில் வாசிக்கக் கொடுக்க என் கை வரவில்லை. அப்படி மறைத்தது நேர்மையா என்று கேட்டால், அதற்கும் என்னிடம் உறுதியான விடை இல்லை.

இப்போது ஒவ்வொரு பந்தியின் கீழும் இரண்டு வரிகள் விட்டிருக்கிறேன். ஒன்று ‘பந்தி சொல்கிறது’ என்று தொடங்கும். மற்றது ‘நான் அறிவது’ என்று தொடங்கும். இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதவேண்டும். முதல் வரியை எல்லோரும் எழுதிவிடுவார்கள், பந்தியில் இருப்பதைப் பார்த்து எழுதினால் போதும். இரண்டாவது வரிதான் கஷ்டம். அதற்குச் சொல்லைத் தாங்களே தேடவேண்டும். பிழைகள் நிறைய வரும். ஆனால் அகராதி கேட்டு என் மேசைக்கு வருகிறவர்கள் இந்த இரண்டாவது வரிக்காகத்தான் வருகிறார்கள். நான் அறிவது என்று எழுதினால் அது உண்மையாகிவிடாது என்பதற்குத் தாளிப்பனையை நினைவூட்டுவேன். எல்லா உயிர்களும் நீரிலிருந்தே படைக்கப்பட்டன என்று ஓதுகிற நாங்கள், நூஹ் நபியின் மகனை அதே நீர் மூடியதையும் ஓதுகிறோம் என்று ஒருநாள் சொன்னேன். அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. பழைய கொப்பியைக் கொண்டுவா, அந்தப் புள்ளடியை மாற்றித் தருகிறேன் என்றேன். அது முடிந்து பழைய தாளோடு தாளாய்ப் போய்விட்டது என்றாள்.

தவணைப் பரீட்சை வந்தது. வினாத்தாளை நான் தயாரிக்கவில்லை. அதிலும் ஒரு பந்தி, அதிலும் சரியா பிழையா. கடலோரத்தில் ஒரு குடும்பம் விடுமுறையைக் கழிப்பது பற்றியது. அவள் பந்தியின்படி ஐந்துக்கும் சரியான விடை போட்டிருந்தாள். கீழே யாரும் கேட்காத இடத்தில் ‘நான் அறிவது’ என்று தொடங்கி ஒரு வரி எழுதியிருந்தாள். கடலுக்குப் போகும்போது அவளுடைய உம்மா கையை விடமாட்டாவாம். புள்ளித்திட்டத்தில் அந்த வரிக்கு இடமில்லை. ஒரு வினைச்சொல் பிழையாக இருந்தது. அதை வட்டமிட்டுத் திருத்தினேன்.