காலரைச் சரிசெய்த கை

பாலெர்மோவின் போர்கோ வெக்கியோச் சந்தையோரத்தில் ஒரு கோப்பிக் கடை. மூன்று பேர் இருந்தோம். என் பக்கத்தில் இருந்தவன் இளையவன், வேலை முடிந்து நேரே வந்திருந்தான். எதிரே இருந்தவர் எங்கள் எல்லோருக்கும் அண்ணை. அவனுடைய கூட்டாளியைப் பற்றி ஒரு வசனம் தொடங்கினார், பாதியில் நிறுத்தினார். "சரி, விடும் தம்பி, நான் ஒண்டும் சொல்லேல்லை" என்றார். சில மாதங்களில் அந்த நட்பு முறிந்தது. ஒரே வீட்டில் வாடகையைப் பகிர்ந்தவர்கள் இப்போது தெருவில் முகம் பாராமல் போகிறார்கள்.

அந்த வசனத்தை என்னால் மறக்க முடிகிறது. மறக்க முடியாதது அதற்கு முன் நடந்தது. இளையவனின் சட்டைக் காலர் ஒரு பக்கம் ஜாக்கெட்டுக்குள் மாட்டியிருந்தது. அண்ணை மேசைக்கு மேலாகக் கையை நீட்டி, இரண்டு விரலால் அதை வெளியே எடுத்து, மடிப்பை அழுத்தித் தடவி, தோளில் ஒரு தட்டும் தட்டினார். அவனும் தாயிடம் நிற்கும் பிள்ளையைப் போலக் கழுத்தை உயர்த்திக் கொடுத்தான். பிறகுதான் அவர் பேசினார்.

அந்தக் கை பொய் சொன்னதா?

இந்த ஊர்ப் பொம்மலாட்டத்தில் இப்படிப்பட்ட குழப்பம் கிடையாது. போர்கோ வெக்கியோவிலிருந்து நடந்து போகும் தூரத்தில், தெயாத்ரோ மாசிமோவுக்கு அருகே, குத்திக்கியோ குடும்பத்தின் சிறிய அரங்கு இருக்கிறது. மிம்மோ குத்திக்கியோ 1973இல் தொடங்கியது. பாலெர்மோப் பொம்மைகளுக்கு முழங்கால் மடங்கும், உறையிலிருந்து வாளை உருவவும் முடியும். 2001இல் யுனெஸ்கோ போற்றிய இந்தக் கலையின் பெரும் துரோகி, மகன்சா குலத்துக் கானோ. வீரன் ஓர்லாந்தோவுக்குச் சிற்றப்பன் முறை, தாயை மறுமணம் செய்தவன். ஓர்லாந்தோவைப் பகைவரிடம் விற்று ரொன்சிஸ்வாலே கணவாயில் சாகக் கொடுப்பவன். தாந்தே கானோவை நரகத்தின் அடிப் பனிக்குள் புதைத்தார். முன்பெல்லாம் கானோ மேடையேறினால் சனம் செருப்பெறியுமாம். ஓர்லாந்தோவின் பேரரசன் சார்லிமேனின் இதே கதை கடல் கடந்து கொச்சிக் கரைக்கும் போய், தமிழ் கலந்த பாட்டுகளோடு சவிட்டு நாடகமானது; அதைப் பாடியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்பார்கள். எங்கள் ஊரில் கூத்துப் பழக்குபவரையும் அண்ணாவி என்றுதான் கூப்பிடுவோம்.

நான் முல்லைத்தீவுப் பிள்ளை. கோவலன் கூத்தை அம்மம்மாவின் மடியில் அரைத் தூக்கத்தில் பார்த்தவன். தட்டான் வந்தால் மட்டும் அம்மம்மா என்னை உலுப்பி எழுப்புவா. "பார், வாறான்" என்பா. அவன் கெட்டவன் என்று பார்க்க வந்த அத்தனை பேருக்கும் தெரியும். கோவலனுக்கு மட்டும் தெரியாது. சனம் இத்தனை இருந்தும் ஒருவர்கூட எழுந்து சொல்லவில்லையே என்று எனக்கு அழுகை வரும்.

வளர்ந்தபின் சிலப்பதிகாரத்தைப் படித்தபோது வேறொன்று பிடித்துக்கொண்டது. அந்தப் பொற்கொல்லன் கோவலனைப் பார்த்ததும் கைகூப்புகிறான். அரசர் முடிகள் செய்கிறவன், கோவலன் விற்க வந்த சிலம்பின் விலை எனக்கெங்கே தெரியும் என்று தன்னைத் தாழ்த்திக்கொள்கிறான். தன் குடிலுக்கருகே இருக்கச் சொல்லி இடம் காட்டுகிறான். நாடு விட்டு வந்தவனுக்கு மதுரையில் கிடைத்த மரியாதை அது. பிறகு, கள்வன் என்று அவன் காட்டிக்கொடுக்க, காவலர் வருகிறார்கள், கோவலன் முகத்தைப் பார்த்து, இவன் கொல்லத்தக்கவன் இல்லை என்று தயங்குகிறார்கள். அவர்களுக்குக் கள்வரின் வித்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி எச்சரிக்கிறவனும் இதே பொற்கொல்லன்தான். அவனுக்கு இளங்கோ பெயர் வைக்கவில்லை.

'ஒத்தெல்லோ'வுக்கு மூலமான இத்தாலியக் கதையிலும் சூழ்ச்சிக்காரனுக்குப் பெயர் இல்லை. சிந்தியோ 1565இல் வெளியிட்ட தொகுப்பில் அவன் வெறும் கொடி ஏந்தும் அதிகாரி. எப்போதோ படித்ததில் ஒன்று மட்டும் நெஞ்சில் நிற்கிறது. தன் மூன்று வயது மகளை நாயகி தெஸ்தெமோனாவின் கையில் கொடுக்கிறான். அவள் குழந்தையை மார்போடு அணைக்கும்போது, இடுப்பிலிருந்த கைக்குட்டையை உருவுகிறான். அவள் அந்தக் குழந்தையிடம் உயிராக இருந்தவள். ஷேக்ஸ்பியர் குழந்தையை நீக்கிவிட்டு, தவறி விழுந்த கைக்குட்டையை அவன் மனைவி எடுத்துக் கொடுப்பதாக மாற்றினார். எனக்குப் பழைய கதைதான் அதிகம் வலிக்கிறது. காலரைத் தொட்ட அந்த இரண்டு விரலும் அதில்தான் நினைவுக்கு வருகின்றன.

சிந்தியோவின் ஆளுக்குக் காரணம் ஒன்று உண்டு: அவள் தன்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்ற ஆத்திரம். ஷேக்ஸ்பியரின் இயாகோவுக்கோ காரணங்கள் கூடிப்போயின. பதவி கிடைக்கவில்லை என்கிறான், மனைவி மேல் சந்தேகம் என்கிறான், எதிலும் நிலைப்பதில்லை. கடைசியில் ஏன் செய்தாய் என்று கேட்டால் இனி வாய் திறக்க மாட்டேன் என்கிறான்.

எங்கள் அண்ணைக்கு என்ன காரணம்? எவ்வளவு யோசித்தும் ஒரு லாபமும் தெரியவில்லை. நட்பு முறிந்து, அந்த இளையவன் காய்ச்சலில் தனியே கிடந்தபோது கஞ்சி காய்ச்சிக்கொண்டு நாலு மாடி ஏறியவரும் அவர்தான். பொய்யான அக்கறை அவ்வளவு படி ஏறுமா? அல்லது அக்கறை முழுவதும் உண்மையாக இருந்து, அதன் உள்ளேயே, அந்தப் பிள்ளை தன்னை மட்டும் நம்பியிருக்க வேண்டும் என்ற ஆசையும் இருந்ததா? இயாகோவும் ஒத்தெல்லோவிடம் அன்பைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறான். அதெல்லாம் நடிப்பு என்று இதுவரை எண்ணியிருந்தேன். இப்போது அதிலும் உறுதி குறைந்துவிட்டது.

அண்ணை பாதியில் விட்ட அந்த விஷயம் உண்மையாகவும் இருந்திருக்கலாம். அதைச் சோதிக்க அந்த இருவருமே இடம் கொடுக்கவில்லை. அப்படியானால் அவர் செய்தது எச்சரிக்கை. எச்சரிக்கிறவனும் காலரை நேராக்கித்தான் தொடங்குவான், வேறெப்படித் தொடங்குவது? பொற்கொல்லன் பேச்சைக் காவலர் கேட்டார்கள், கோவலன் இறந்தான். கானோவைப் பற்றி எத்தனையோ பேர் சொல்லியும் சார்லிமேன் கேட்கவில்லை, ஓர்லாந்தோ இறந்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனுசன் எங்கே நிற்பது என்று எனக்குப் பிடிபடவில்லை.

இளையவனிடம் ஒருநாள் இதை மெல்லத் தொட்டுப் பார்த்தேன். "அவர் என்ரை நல்லதுக்குத்தான் சொன்னவர்" என்றான். இருக்கலாம். இல்லை என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.