சாதுர்மாஸ்யமும் நீலகிரிச் சீசனும்

நீலகிரிக்கு எந்த மாதத்தில் போகலாம் என்று விசாரிக்கிறவர்கள் பெரும்பாலும் அதைச் சௌகரியத்தைப் பற்றிய கேள்வியாகவே விசாரிக்கிறார்கள். மழை விட்டிருக்குமா, தொட்டபெட்டாவின் மேல் நின்றால் மேகத்தைத் தவிர வேறு ஏதாவது தெரியுமா, கம்பளிச் சட்டை எத்தனை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பவற்றோடு அவர்களுடைய ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால், மழைக்காலத்தில் ஒரு மனிதன் எங்கே போகலாம், எங்கே போகலாகாது, போகாமல் ஓரிடத்தில் தங்கியிருப்பதே கடமையாகிவிடும் சமயம் எது என்ற வினாவை, வீட்டையும் சுகத்தையும் விட்டொழித்து ஊர் ஊராய்த் திரிவதையே வாழ்க்கையாகக் கொண்ட சந்நியாசிகள் ஒரு காலத்தில் மிகுந்த சிரத்தையோடு எடுத்துக்கொண்டு விவாதித்தார்கள் என்பதையும், அவர்கள் கண்ட விடை நாம் இன்று தேடுகிற விடைக்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வந்தது என்பதையும் எண்ணிப் பார்க்கும்போது, ஊட்டிக்குப் பயணச்சீட்டு எடுக்கிற சாதாரணக் காரியத்துக்குள்ளும் ஒரு தர்ம விசாரம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

பௌத்த சங்கத்தின் விநய நூல் இந்த விதி பிறந்த வரலாற்றைச் சொல்கிறது. ஆரம்பத்தில் பிக்ஷுக்கள் குளிர், கோடை, மழை என்ற பேதம் பாராமல் ஆண்டு முழுவதும் நடந்துகொண்டே இருந்தார்கள். ஊரார் குறை கூறினார்கள்: மற்ற மதத்துத் துறவிகளும் மழையில் ஓரிடத்தில் அடங்குகிறார்கள், பறவைகளும் மரவுச்சியில் கூடு கட்டிக்கொண்டு அடங்குகின்றன, இவர்கள் மட்டும் பச்சைப் புல்லை மிதித்துத் துவைத்து, எத்தனையோ சிற்றுயிர்களைக் காலின்கீழ் நசுக்கிக்கொண்டு நடக்கிறார்களே என்று. அந்தக் குறையைக் கேட்ட பிறகே, ஆஷாடப் பௌர்ணமிக்கு மறுநாள் தொடங்கி மூன்று மாத காலம் ஓரிடத்தில் தங்கவேண்டும் என்று புத்தர் விதித்தார். பிக்ஷுக்கள் நனைந்துபோவார்களே, சேற்றில் வழுக்கி விழுவார்களே, காய்ச்சல் காணுமே என்ற கவலைக்கு அந்த வரலாற்றில் இடமே இல்லை என்பது கவனிக்கத் தக்கது. கணக்கு முழுவதும் வழியின் பக்கத்திலிருந்து, அந்த வழியில் முளைப்பவை, ஊர்பவை, அதன் ஓரத்தில் வாழ்கிற ஊரார் ஆகியோரின் பக்கத்திலிருந்து போடப்பட்டது.

சமண முனிவர்கள் இதே விரதத்தைக் கார்த்திகைப் பௌர்ணமி வரையில் நான்கு முழு மாதங்களுக்கு நீட்டிக்கிறார்கள். காஞ்சி, சிருங்கேரி முதலிய மடங்களின் ஆசாரியர்கள் இன்றும் வியாச பூஜையோடு சாதுர்மாஸ்ய சங்கல்பம் செய்துகொள்ளும்போது, மழைக்காலத்தில் வழியெங்கும் ஜீவராசிகள் நிறைந்திருப்பதால் அவற்றுக்கு ஹிம்சை நேராதபடி இங்கேயே தங்குகிறோம் என்று கிருகஸ்தர்களிடம் அறிவிப்பதும், சுகமாகத் தங்குங்கள், எங்களால் இயன்ற பணிவிடையைச் செய்கிறோம் என்று அவர்கள் மறுமொழி சொல்வதும் வழக்கம். பக்ஷத்தையே மாதமாகக் கொள்ளலாம் என்ற வாக்கியத்தின் துணையால் நான்கு மாதம் இரண்டாகக் குறைந்துவிட்டதும் உண்மைதான். சாஸ்திரத்துக்குக் கடுமையும் தெரியும், கணக்கில் கைநெகிழவும் தெரியும். ஜூலை மாதத்தில் பந்தலூர்ப் பக்கம் சோலைக்குள் அரை நாழிகை நடந்து, காலணிக்குள்ளும் காலுறைக்குள்ளும் புகுந்துவிட்ட அட்டைகளை உப்பும் புகையிலையும் போட்டு உதிர்த்தவர்களுக்கு, மழைக்கால வழி ஜீவராசிகள் நிறைந்தது என்ற சங்கல்ப வாசகத்துக்கு வியாக்கியானம் தேவைப்படாது. அங்கே யாருக்கு யார் ஹிம்சை செய்கிறார்கள் என்பதுதான் சற்றுக் குழப்பம்.

இனி, வடநாட்டு மழையை நினைத்து வகுக்கப்பட்ட இந்தப் பஞ்சாங்கம் தமிழ்நாட்டுக்கு வரும்போது ஒரு சங்கடம் நேர்கிறது. ஆஷாடப் பௌர்ணமியன்று சோழநாட்டில் காற்றுத்தான் வீசுகிறதே ஒழிய மழை இல்லை. காவிரியில் ஓடுகிற ஆடிப்பெருக்கும் மேற்கே வேறெங்கோ பெய்த மழை. நமக்கு அடைமழை ஐப்பசி கார்த்திகையில், அதாவது மடாதிபதிகள் விரதத்தை முடித்துக்கொண்டு யாத்திரை புறப்பட்டுவிட்ட பிறகு வருகிறது. அப்படியானால் இந்த விரதம் மழைக்குக் கட்டுப்பட்டதா, மாதத்துக்குக் கட்டுப்பட்டதா? சமவெளியில் இருந்துகொண்டு கேட்டால் இது வெறும் தர்க்கமாக நின்றுவிடும். நீலகிரியிலோ, ஒரே மலை இரண்டு மழைக்கும் முகம் காட்டிக்கொண்டு நிற்பதால், இந்தக் கேள்விக்குக் கல்லும் மண்ணுமாக உருவம் கிடைத்துவிடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரையில் தென்மேற்குப் பருவக்காற்று கூடலூர், தேவாலா, பந்தலூர், குந்தாவுக்கு அப்பாலுள்ள அவலாஞ்சி, அப்பர்பவானி ஆகிய மேற்குச் சரிவுகளில் தன் பாரத்தை இறக்கிவிட்டு, குன்னூரையும் கோத்தகிரியையும் வெறுங்கையோடு கடந்து போகிறது. அக்டோபரில் காற்று திரும்பியதும் குன்னூரும் கோத்தகிரியும் நனைய, மேற்கு தெளிகிறது. இரண்டுக்கும் நடுவில் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற உதகமண்டலம் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. 2009 நவம்பரில் கிழக்குப் பக்கம் கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, மண் சரிந்து, மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் மாண்டார்கள். 2019 ஆகஸ்டில் மேற்குப் பக்கம் அவலாஞ்சியில் ஒரே நாளில் பெய்ததும் ஏறக்குறைய அதே அளவு. பறவை பறக்கிற கணக்கில் பார்த்தால் அதிக தூரமில்லாத இரண்டு ஊர்கள். பேரிடரின் மாதம் மட்டும் வேறு.

ஆகவே, மழையைத் தவிர்த்து ஊர் தேடுகிற பிரயாணிக்கு நீலகிரியைவிட வசதியான மலை கிடைப்பது அரிது. ஆடியில் கோத்தகிரி, கார்த்திகையில் கூடலூர் என்று மழைக்கு ஒரு மலைமுகடு தள்ளியே ஆண்டு முழுவதும் தங்கிவிடலாம். இதைக் கெட்டிக்காரத்தனம் என்று நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கும் பிக்ஷுவின் விரதத்துக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு என்று அளக்க வேண்டுமானால், அந்த மலையிலேயே பருவத்துக்கு இடம் மாறியவர்களைப் பார்க்கவேண்டும். நீலகிரியின் பழங்குடியினரான தோதவர்கள் தங்கள் எருமைகளோடு, மந்து என்று சொல்லப்படும் தங்கள் குடியிருப்புகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவது வழக்கமாயிருந்தது. ஓரிடத்தில் புல் காய்ந்தால் புல் இருக்கிற வேறு மந்துக்கு மந்தை நகரும். ஆங்கிலேய மானிடவியல் அறிஞர் ரிவர்ஸ் 1906-ல் வெளியிட்ட தோதவரைப் பற்றிய நூல், புனித மந்தை ஒரு பால்மனையிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற அந்தப் பயணத்தை விரிவாக வர்ணிக்கிறது. பால்மனையின் பூசகரும், வேறு எவரும் தொடலாகாத பாத்திரங்களும், முன்னும் பின்னுமாக எருமைகளும், ஊர்வல முறை பிசகாமல் செல்வது அவர்களுக்கு ஒரு வழிபாடு. பருவத்தைப் பார்த்து ஊர் தேர்ந்தெடுப்பதுதான் இதுவும். எருமைக்குப் புல் வேண்டும் என்பதே அதன் காரணம்.

பிக்ஷு அசையாமலிருப்பது தர்மம் என்றால், தோதவர் அசைந்துகொண்டிருப்பதும் தர்மமாவது எப்படி? விநய நூலிலேயே இதற்கு எதிர்பாராத ஓர் அனுமதி இருக்கிறது. மாட்டுப்பட்டியில் வர்ஷவாசத்தை, அதாவது மழைக்காலத் தங்கலைத் தொடங்கிய பிக்ஷு, அந்தப் பட்டி இடம் பெயர்ந்தால், பட்டி போகிற இடத்துக்குத் தானும் போகலாம். வணிகச் சாத்தோடும் படகோடும் தங்குகிறவனுக்கும் அப்படியே. பெற்றோர் நோயுற்றாலோ வேறு தக்க காரியம் நேர்ந்தாலோ ஏழு நாளுக்கு வெளியே போய்வரவும் இடமுண்டு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஓதப்பட்டுவரும் இந்தச் சலுகையைப் படிக்கும்போது, விரதத்தின் உயிர்நாடி கால்களைக் கட்டிப்போடுவதில் இல்லை, யாரோடு தங்குகிறோமோ அவர்களுடைய பருவத்தைத் தன் பருவமாக ஏற்றுக்கொள்வதில் இருக்கிறது என்ற எண்ணம் எனக்கு வலுப்படுகிறது.

அந்த வகையில், மலைக்கு உரிய பருவம் எது என்பதில் நம் முன்னோருக்கு ஒரு திட்டமான கருத்து இருந்தது. தொல்காப்பிய மரபு குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாக வகுத்தது. ஐப்பசி முதல் தை வரையில், மழையும் வாடையும் பனியுமாக மனிதன் உடல் நடுங்குகிற மாதங்கள். இளவேனிலையும் முதுவேனிலையும் அது மலைக்குக் கொடுக்கவில்லை. மலை கோடைக்கு என்று ஆக்கியவர்கள் பிற்காலத்தவர். கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறி, சில ஆண்டுகளுக்குள் உதகையில் கல்வீடு கட்டிக் குடிபுகுந்த பிறகு, சென்னை மாகாண அரசே வெயில் தொடங்கியதும் கோப்புகளையும் குமாஸ்தாக்களையும் கட்டிக்கொண்டு மேலே போகிற வழக்கம் ஏற்பட்டது. அந்த அரசு போய்விட்டது. அதன் பஞ்சாங்கம் மட்டும் போகவில்லை. மே மாதத்தில் உதகையில் மலர்க் காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் காட்சி. செப்டம்பர் பிறந்தால் அதற்கு இரண்டாவது சீசன் என்று பெயர்.

இந்தப் பஞ்சாங்கத்தின்படி நடப்பதால் இன்று நசுங்குவது எது என்று விநய நூல் காலத்து ஊராரைப் போல நாமும் கேட்டுக்கொள்ளலாம். மலையிலே தண்ணீர் மிகக் குறைந்திருக்கும் மாதங்களில்தான் அதைக் குடிக்க மிக அதிகமானவர்கள் ஏறுகிறார்கள். பர்லியாரிலிருந்து குன்னூர் வரை கொண்டை ஊசி வளைவுகளில் வண்டிக்குப் பின் வண்டியாக நின்றுகொண்டிருக்க, ஆம்புலன்ஸுக்கும் வழி கிடைப்பதில்லை. ஊர்க்காரர் சந்தைக்குப் போய்த் திரும்ப ஒரு பகல் வேண்டியிருக்கிறது. 2024 மே மாதம் 7-ஆம் தேதி முதல், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால், இ-பாஸ் இல்லாமல் வெளியூர் வண்டிகள் நீலகிரிக்கு வரமுடியாது என்றாயிற்று. மறு ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையில், வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள். வழியில் இருப்பவர்கள் குறை கூற, அதைக் கேட்டு ஒரு விதி பிறந்தது என்ற அளவில் பழைய வரலாறு திரும்ப நிகழ்ந்திருப்பதாகவே நான் கொள்கிறேன். விரதத்துக்கு உரிய மாதம் மட்டும் ஆடியிலிருந்து சித்திரை வைகாசிக்கு மாறிவிட்டது. ஹிம்சை எந்த மாதத்தில் நேர்கிறதோ அந்த மாதத்தில்தானே விரதமும் இருக்கவேண்டும்? மழைக்குக் கட்டுப்பட்டதா, மாதத்துக்குக் கட்டுப்பட்டதா என்ற முந்திய கேள்விக்கும் இதுவே எனக்குப் பதிலாகத் தோன்றுகிறது.

ஆனாலும் இந்த வாதம் இவ்வளவு சுலபமாக முடிந்துவிடவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைக்கிறவர், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மூடியிருக்கும் மே மாதத்தைத் தவிர வேறு எந்த மாதத்தில் மலையைப் பார்ப்பது? கார்த்திகையில் போ, அதுதான் குறிஞ்சிக்கு உரிய பெரும்பொழுது என்று அவரிடம் சொல்கிறவன், மண் சரிந்து கல்லாற்றுக்கு மேலே மலை ரயில் நின்றுபோகிற நாட்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மழையழகு காணவென்றே சரிவுச் சாலையில் காரை நிறுத்திக்கொண்டு, மண் அள்ள வந்த இயந்திரத்துக்கு வழிமறித்து நிற்கிற புதிய ரசிகர் கூட்டத்தையும் நான் விரதிகளின் வரிசையில் சேர்க்கத் தயாராக இல்லை. சீசனை நம்பியே வர்க்கியும் யூகலிப்டஸ் தைலமும் விற்கிறவர்களும், வாடகை ஜீப் ஓட்டுகிறவர்களும் நீதிமன்ற உத்தரவை வேறு விதமாகத்தான் பார்க்கிறார்கள். அவர்களும் வழியில் இருக்கிற ஜீவன்கள்தாமே.

பருவத்தைத் தேர்ந்தெடுக்கும் பேச்சே எழாத இன்னொரு கூட்டமும் அங்கே இருக்கிறது. 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்களில் பலர், அவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்று அரசு வளர்த்த டான்டீ என்ற தேயிலைத் தோட்டங்களில் கூடலூரிலும் பந்தலூரிலும் கோத்தகிரியிலும் குடியமர்த்தப்பட்டார்கள். எந்த நாடு, எந்த மலை, எந்த மாதம் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. மழை பெய்தால் தேயிலை துளிர்க்கும், துளிர்த்தால் பறித்தாக வேண்டும். இடுப்பில் படங்கைச் சுற்றி, தலைக்குமேல் பிளாஸ்டிக் தாளைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, முழங்கால் வரை சேறும் அட்டையுமாக நிரைக்குள் நின்று கொழுந்தெடுக்கும் பெண்ணின் எடைக்கணக்கு ஜனவரிப் பனியில் குறைந்து, பிரயாணி வீட்டுக்குத் திரும்பிவிட்ட ஜூன் மழையில் கூடுகிறது. நாம் மழையைத் தவிர்த்துப் போய்வந்த மலையின் தேநீரை ஆண்டு முழுவதும் குடிக்கிறோம்.

இ-பாஸ் விதியில் ஒரு விலக்கு உண்டு. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வருகிறவர்களுக்கு அது தேவையில்லை. திருப்பூர்க்காரர் தம் மக்களோடு மேட்டுப்பாளையத்தில் பேருந்தில் ஏறி உட்கார்ந்தால், மே மாதத்து ஞாயிற்றுக்கிழமையாயிருந்தாலும், கல்லாற்றுச் சோதனைச் சாவடியில் அவரை யாரும் எண்ணுவதில்லை. மாட்டுப்பட்டியோடு போகிற பிக்ஷுவுக்குக் கொடுத்த அனுமதியை எழுதியவர்கள் இந்த விலக்கைப் படித்தால் ஆட்சேபிக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.