தோல்விக்காக எழுதிய சீட்டு

போர் தொடங்கும் முன்பே, தோற்றுவிட்டோம் என்று ஒரு தளபதி அறிக்கை எழுதி வைத்துக்கொண்டால் அவரைப் பற்றி என்ன நினைப்போம்? 1944 ஜூன் 5ஆம் தேதி, இரண்டாம் உலகப் போரில் மேற்கு ஐரோப்பாவின் நேச நாட்டுப் படைகளுக்குத் தலைமைத் தளபதியாக இருந்த டுவைட் ஐசனாவர் அப்படி ஒன்றை எழுதினார். சின்னக் காகிதம், பென்சில் எழுத்து, நான்கே வாக்கியங்கள். கரையில் காலூன்ற முடியவில்லை, படைகளைத் திரும்ப அழைத்துக்கொண்டேன் என்று தொடங்குகிறது. கிடைத்த தகவல்களை வைத்து இந்த நேரத்தையும் இடத்தையும் முடிவு செய்தவன் நான். வீரர்கள் தம்மால் இயன்ற அனைத்தையும் செய்தார்கள். குற்றம் ஏதும் உண்டென்றால் அது என் ஒருவனையே சேரும் என்பது அதன் சாரம். ஜூன் என்று எழுத வேண்டிய இடத்தில் ஜூலை என்று தேதி போட்டிருக்கிறார். அவ்வளவு களைப்பு. அதை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

தைரியம் என்றால் என்ன என்று யோசிக்கும்போதெல்லாம் என் மனம் இந்தச் சீட்டில்தான் போய் நிற்கிறது.

இங்கிலாந்தின் தென்கரையில் போர்ட்ஸ்மத் நகருக்கு அருகே சவுத்விக் ஹவுஸ் என்றொரு மாளிகை. ஹிட்லரின் பிடியிலிருந்த பிரான்ஸுக்குள் நுழைய, நார்மண்டிக் கரையில் படை இறக்கும் முடிவு அங்கேதான் எடுக்கப்பட்டது. பாராசூட் வீரர்களுக்கு நிலவொளி வேண்டும். எதிரி கடலோரம் நட்டுவைத்த தடைகள் கண்ணுக்குத் தெரிய, விடியும் வேளையில் கடல் வற்றியிருக்க வேண்டும். இரண்டும் கூடிவருவது மாதத்தில் சில நாட்கள்தான். ஜூன் 5 என்று குறித்திருந்தார்கள். புயல் வந்தது. 4ஆம் தேதி அதிகாலையில் ஒருநாள் தள்ளிப்போட்டார் ஐசனாவர். கடலில் இறங்கிவிட்ட கப்பல்கள் சில திரும்ப வேண்டியதாயிற்று. அன்றிரவு வானிலை அதிகாரி ஜேம்ஸ் ஸ்டாக் வந்து, சுமார் ஒன்றரை நாள் அளவுக்குக் காற்று தணியலாம் என்றார். ‘தணியும்’ என்று அவரால் உறுதி கூற முடியவில்லை. மழை அப்போதும் ஜன்னல்களை அறைந்துகொண்டிருந்தது. தரைப்படையின் மாண்ட்கோமரி போகலாம் என்றார். விமானப்படைத் தளபதி லீ-மலோரி தயங்கினார்.

எல்லோரும் சொல்லி முடித்த பிறகு அறையில் ஓர் அமைதி நிலவியது. அதன்பின் ஐசனாவர் ‘போவோம்’ என்ற பொருளில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்பதை அங்கிருந்தவர்கள் பிற்பாடு ஆளுக்கொரு விதமாக நினைவுகூர்ந்தார்கள். மறுநாள் விடியுமுன் மீண்டும் கூடி அந்த முடிவை உறுதி செய்தார். சற்று நேரத்தில் அறை காலியாயிற்று. அவரவர் தம் வேலைக்கு ஓடினார்கள். 1,50,000க்கும் மேற்பட்ட வீரர்களும் ஏறக்குறைய 7,000 கலங்களும் அசையத் தொடங்கின. அசைத்தவருக்கோ அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை.

கட்டளை பிறக்கும்வரை உலகமே அந்த ஒருவரின் வாயைப் பார்த்திருக்கிறது. பிறந்துவிட்டால் காற்றும் அலையும் பத்தொன்பது வயதுப் பையன்களின் கால்களும்தான் எல்லாம். கீதையில் கண்ணன் பலனை விட்டுவிடச் சொல்வதை நாம் பல தடவை கேட்டிருக்கிறோம். கேட்கும்போது அது இதமாகவே இருக்கிறது. பாரத்தை இறக்கி வைத்த மாதிரி. ஆனால் நாம் பலனை விடும் லட்சணத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஜெயித்தால் என் சாமர்த்தியம் என்கிறோம், தோற்றால் தலைவிதி என்கிறோம். இனிப்பை நாம் வைத்துக்கொண்டு கசப்பைக் கடவுள் தலையில் கட்டுகிறோம். அதற்குச் சரணாகதி என்று பெயரும் வைத்துவிடுகிறோம்.

அந்தச் சீட்டு நேர்மாறான துறவு. புகழை வீரர்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு, பழியை மட்டும் தனக்கென்று பிரித்து வைத்துக்கொண்ட துறவு. படைகள் திரும்ப அழைக்கப்பட்டன என்றுதான் முதலில் எழுதியிருக்கிறார். பிறகு அதை அடித்து, அழைத்துக்கொண்டவன் நான் என்று மாற்றியிருக்கிறார். புயலைக் குறை சொல்ல வழி இருந்தது, ஸ்டாக்கைக் கைகாட்டவும் இடமிருந்தது. இரண்டையும் அவர் நாடவில்லை. அதே சமயம் எல்லா வீரர்களுக்கும் அச்சிட்டுக் கொடுத்த அவரது செய்தியில் வெற்றி மீது முழு நம்பிக்கையும் கடவுளின் ஆசிக்கான வேண்டுதலும் இருந்தன. ஊருக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று வைத்துக்கொள்பவர்களை நாம் நம்புவதில்லை. இவர் ஊருக்கு நம்பிக்கையைக் கொடுத்துவிட்டு அச்சத்தைத் தன் பையில் போட்டுக்கொண்டார். சோர்வெல்லாம் தன் தலையணையோடு நிற்க வேண்டும் என்று 1942இலேயே தீர்மானித்திருந்தவர் அவர்.

அவருடைய தாய் ஐடா போரை வெறுத்தவர். அது அவருடைய ஆழ்ந்த சமய நம்பிக்கை. 1911இல் மகன் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரிக்குக் கிளம்பியபோது தடுக்கவில்லை. போன பிறகு அழுதார். கொல்லாமையில் ஊறிய வீட்டில் வளர்ந்தவரிடம் இத்தனை உயிர்களை ஒப்படைத்தது காலத்தின் விசித்திரம் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனமில்லை. அந்த வளர்ப்புதான் அவரை நிம்மதியாக இருக்க விடவில்லை என்று நம்புகிறேன்.

ஏனென்றால் 5ஆம் தேதி மாலை அவர் கிரீன்ஹாம் காமன் விமான தளத்துக்குப் போனார். 101வது வான்வழிப் படைப்பிரிவின் பாராசூட் வீரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு புறப்படத் தயாராக நின்றார்கள். பாராசூட் படையில் பாதிப் பேரையும் கிளைடர்களில் பத்தில் ஏழையும் இழக்க நேரிடலாம் என்று சில நாட்களுக்கு முன் லீ-மலோரி எச்சரித்திருந்தார். தனியே உட்கார்ந்து யோசித்துவிட்டு, அந்தத் தாக்குதல் இல்லாவிட்டால் கடற்கரையில் இறங்குபவர்கள் அழிவார்கள் என்று அதை நிறுத்த மறுத்தவர் இவர். அந்தக் கணக்கில் வந்த முகங்கள்தான் இப்போது எதிரே. அவர்களிடம் எந்த ஊர் என்று விசாரித்தார். வீர உரை ஏதும் ஆற்றவில்லை. விமானங்கள் கிளம்பும்வரை நின்றிருந்தார். தான் சாவுக்கு அனுப்பக்கூடியவனின் ஊரைக் கேட்பது ஒரு தளபதிக்கு எவ்வளவு கடினம்! எண்ணிக்கையாக வைத்துக்கொண்டால் இரவில் தூங்கலாம். ஊரும் பேரும் வந்துவிட்டால் அது முடியாது. தெரிந்தேதான் போனார்.

லீ-மலோரி அஞ்சிய அளவுக்கு இழப்பு நேரவில்லை. அவரே பிறகு எழுதி ஒப்புக்கொண்டார். இருந்தும் நேச நாட்டு வீரர்கள் 4,000க்கும் மேற்பட்டோர் ஜூன் 6 அன்று ஒரே நாளில் மாண்டார்கள். படைகள் கரையேறின. மறந்துபோன சீட்டை சில வாரங்கள் கழித்துப் பர்ஸில் கண்டு உதவியாளர் ஹாரி புட்ச்சரிடம் கொடுத்தார் ஐசனாவர். முந்தைய கடல்வழித் தாக்குதல்களின்போதும் இப்படி எழுதியதாகவும் ஒவ்வொன்றையும் கிழித்துப்போட்டதாகவும் அப்போது சொன்னார். எனக்கு இதுதான் மிகப் பெரிய செய்தி. அன்றைக்கு மட்டும் வந்த உணர்ச்சி வேகமாக இருந்திருந்தால் வியந்துவிட்டுப் போகலாம். அவரோ யாருக்கும் தெரியாமல் இதை ஒரு நித்திய அனுஷ்டானமாகச் செய்திருக்கிறார். சந்தியாவந்தனத்தை யாரும் ஊர் பார்க்கச் செய்வதில்லை.

நாள் தள்ளியிருந்தால் அடுத்த வாய்ப்பு ஜூன் 19ஐ ஒட்டி வந்திருக்கும். அந்த நாளில் ஆங்கிலக் கால்வாயில் வீசிய பெரும்புயல் அமெரிக்கர்கள் கட்டிய தற்காலிகத் துறைமுகத்தையே நொறுக்கியது. ஜூன் 6 அன்றே போனதற்குப் போர்த் தெய்வங்களுக்கு நன்றி சொன்னார் ஐசனாவர். பழி வந்திருந்தால் தனக்கு. தப்பியதற்கு நன்றி வேறிடத்துக்கு.

இருபதாம் ஆண்டு நிறைவுக்காக 1964இல் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக நார்மண்டிக்கு மறுபடி போனார். 9,000க்கும் மேற்பட்ட அமெரிக்கக் கல்லறைகள் உள்ள மயானத்தில் அமர்ந்து பேசினார். முடிவு சரியானதென்று உலகமே ஒப்புக்கொண்டிருந்த காலம். அவர் பேசியதோ தன் மகனைப் பற்றி. 1944 ஜூன் 6 அன்றுதான் அந்த மகன் வெஸ்ட் பாயிண்டில் பட்டம் பெற்றான். இப்போது நானும் மனைவியும் பேரப்பிள்ளைகளோடு மகிழ்கிறோம். இங்கே கிடக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு அந்தச் சந்தோஷம் கிடைக்கவில்லை என்றார்.