பெற்ற பின்னும் முறையிடல்: கிளாரண்டன் பெற்றோர் வழக்கு எழுப்பும் அறவினா

முன்னுரை

'முறை' என்னும் சொல் தமிழில் ஒழுங்கு, உறவு, நீதி எனப் பல பொருள்களில் வழங்குகிறது. அரசன் நீதி வழங்குவதை 'முறைசெய்தல்' என்றும், குடிகள் தம் குறையை அவன்முன் வைப்பதை 'முறையிடல்' என்றும் கூறுவது மரபு. வழங்குவோன் செயலுக்கும் வேண்டுவோர் செயலுக்கும் ஒரே சொல் அடியாக அமைந்திருப்பது நோக்கத்தக்கது. பொருள் இல்லாதவர் உடையவரிடம் கேட்பது இரத்தல். நீதி பிழைத்த இடத்தில் அதனை நிறுத்துமாறு கேட்பது முறையிடல். திருக்குறளும் இரவு, இரவச்சம் ஆகியவற்றை ஓரிடத்திலும் செங்கோன்மையைப் பிறிதோர் இடத்திலும் வைத்துப் பேசுகிறது.

இவ்வேறுபாடு எளிதாகத் தோன்றினும் நடைமுறையில் அவ்வளவு எளிதன்று. முறையிடச் சென்றவர்க்கு ஒரு பொருளைக் கொடுத்து அனுப்பிவிட்டால் முறை செய்யப்பட்டதாகுமா? கேட்ட பொருள் கைக்கு வந்த பின்னும் ஒருவர் முறையீட்டைத் தொடர்வது அறமா, பிடிவாதமா? அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துச் சிற்றூர் மக்கள் கல்வி அதிகாரிகளுக்கு எதிராகத் தொடுத்த 'பிரிக்ஸ் எதிர் எலியட்' வழக்கை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழக்கின் களம்

கிளாரண்டன், தென் கரோலினாவின் பருத்தி விளையும் மாவட்டங்களுள் ஒன்று. அக்காலத்தில் அதன் மக்களுள் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவராக இருந்தனர். நிலமும் கடனும் பஞ்சாலையும் வேலைவாய்ப்பும் பெரும்பாலும் வெள்ளையினத்தவர் கையில் இருந்தன. 'தனித்தனியாயினும் சமம்' என்னும் கோட்பாட்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896இல் பிளெஸ்ஸி வழக்கில் ஏற்றிருந்தது. அக்கோட்பாட்டின் முற்பாதி இம்மாவட்டத்தில் முழுமையாக நடைமுறையில் இருந்தது. பிற்பாதி ஏட்டளவில் நின்றது. 1949–50ஆம் கல்வியாண்டில் இங்கு வெள்ளையினக் குழந்தை ஒன்றுக்கு 179 டாலரும் கறுப்பினக் குழந்தை ஒன்றுக்கு 43 டாலரும் செலவிடப்பட்டன. வெள்ளையின மாணவர்க்கு முப்பது பேருந்துகள் ஓடின. கறுப்பின மாணவர்க்கு ஒன்றேனும் இல்லை. அவர்கள் நாள்தோறும் பல மைல் நடந்தே பள்ளிக்குச் சென்றனர்.

மெதடிஸ்ட் மரபுத் திருச்சபைப் போதகரும் பள்ளி ஆசிரியருமான ஜோசப் டிலெய்ன் என்பவரின் ஊக்கத்தால் இம்மக்கள் ஒன்றுதிரண்டனர். 1948இல் லீவை பியர்சன் என்னும் உழவர் தம் பிள்ளைகளுக்குப் பேருந்து வேண்டி வழக்குத் தொடுத்தார். அவர் வரி செலுத்துவது வேறொரு பள்ளி வட்டத்தில் என்று காரணம் காட்டி வழக்குத் தள்ளப்பட்டது. தனியொருவர் வழக்கை எல்லைக்கோடு ஒன்றைக் காட்டி முடித்துவிடலாம் என்பதை ஊரார் கண்டுகொண்டனர். 1949 நவம்பரில் 107 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்று பள்ளி நிர்வாகத்திடம் அளிக்கப்பட்டது. அதில் முதலிற் கையொப்பமிட்டவர்கள் ஹாரி பிரிக்ஸ், எலைசா பிரிக்ஸ் இணையர். நிர்வாகக் குழுவின் தலைவர் ஆர். டபிள்யூ. எலியட். வழக்கின் பெயர் இவ்வாறு அமைந்தது.

கேட்டலின் மூன்று படிகள்

இம்மக்களின் கோரிக்கை மூன்று படிகளாக வளர்ந்ததை அறியமுடிகிறது. முதற்படியில் அவர்கள் கேட்டது ஒரு பேருந்து. இரண்டாம் படியில் கட்டடம், ஆசிரியர், பாடக்கருவி, போக்குவரத்து ஆகிய அனைத்திலும் சமமான வசதி. மூன்றாம் படியில், பிரித்து வைக்கும் சட்டமே நீங்க வேண்டும் என்பது கோரிக்கையாயிற்று. 1950 நவம்பரில் நீதிபதி வேட்டீஸ் வேரிங், வழக்கைச் சமவசதி கோருவதாக அன்றிப் பிரிவினையையே எதிர்ப்பதாக அமைக்குமாறு வழக்குரைஞர் தர்குட் மார்ஷலிடம் சுட்டினார். அவ்வாறே அவ்வாண்டு டிசம்பரில் புதிய வழக்குத் தொடுக்கப்பட்டது.

1951 மே மாதம் சார்ல்ஸ்டன் நகரில் மூன்று நீதிபதிகள் முன் விசாரணை தொடங்கியபொழுது எதிர்பாராத நிகழ்வு ஒன்று நேர்ந்தது. கறுப்பினப் பள்ளிகளின் வசதிகள் சமமாக இல்லை என்பதை அரசுத் தரப்பு வழக்குரைஞர் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டார். அக்குறையை நீக்க மாநில அரசு திட்டம் வகுத்திருப்பதாகவும் தெரிவித்தார். மூன்று விழுக்காடு விற்பனை வரியும் 75 மில்லியன் டாலர் கடன்பத்திரமும் அத்திட்டத்திற்கு அடிப்படையாயின. ஜூனில் இருவர் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாகத் தீர்ப்பு வந்தது. பிரிவினை செல்லும், எனினும் வசதிகள் சமமாக்கப்பட வேண்டும், ஆறு மாதத்தில் அறிக்கை அளிக்கப்பட வேண்டும் என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. பிரிவினை தன்னளவிலேயே சமமின்மை என்று வேரிங் மாறுபட்டு எழுதினார்.

ஈராண்டுகளுக்கு முன் 107 பேர் எழுதிக் கேட்டவை பெரும்பாலும் இத்தீர்ப்பில் அடங்கியிருந்தன. ஆயினும் அவர்கள் உச்ச நீதிமன்றத்திற்கு மேல்முறையீடு செய்தனர். கட்டுரை ஆராயும் வினா இவ்விடத்தில் எழுகிறது.

ஒப்புக்கொள்ளுதலின் இருவகை

குற்றத்தை ஒப்புக்கொள்வது அறத்தின் தொடக்கம் என்பது பொதுக்கருத்து. சிலப்பதிகாரத்தில் கண்ணகி முறையிட்டபொழுது பாண்டியன் தன் பிழையை உணர்கிறான். உணர்ந்த அக்கணமே தான் அரசனல்லன் என்று கருதி உயிர் துறக்கிறான். அங்கே பிழையை ஏற்றலும் தன் நிலையைத் துறத்தலும் ஒரே செயலாகின்றன. கண்ணகியும் சிலம்பின் விலையைக் கேட்டு வந்தவள் அல்லள்.

சார்ல்ஸ்டன் நீதிமன்றத்தில் நிகழ்ந்த ஒப்புக்கொள்ளுதல் இதனின்று முற்றிலும் வேறுபட்டது. அங்கே பிழையை ஏற்றது நிலையைக் காத்துக்கொள்வதற்காக. செங்கலும் சுண்ணாம்பும் குறைவாக இருந்தன, கூட்டித் தருகிறோம், பிரிக்கும் உரிமை மட்டும் எம்மிடம் இருக்கட்டும் என்பதே அதன் உட்பொருள். அளவில் நேர்ந்த குறையை ஏற்பதன் வாயிலாக அளக்கும் அதிகாரம் வினாவுக்கு உட்படாமல் காக்கப்பட்டது எனலாம்.

தராசின் இரு தட்டிலும் இன்று ஒரே எடையை வைத்துவிடலாம். தராசைப் பிடித்திருக்கும் கை ஒரு தரப்பினுடையதாகவே இருக்குமாயின், நாளை எடை மாறினால் மீண்டும் அக்கையிடமே செல்ல வேண்டும். அந்நிலையில் பெறுவது எவ்வளவாயினும் அது கொடையே. முறையிட வந்தவர் மீண்டும் இரப்பவராக்கப்படுகிறார். கிளாரண்டன் பெற்றோர் ஏற்க மறுத்தது இம்மாற்றத்தையே.

உளவியலறிஞர் கென்னத் கிளார்க் இம்மாவட்டத்துக் கறுப்பினக் குழந்தைகள் பதினாறு பேரிடம் வெள்ளை, பழுப்பு நிறப் பொம்மைகளைக் காட்டி ஆய்வு செய்தார். பத்துக் குழந்தைகள் வெள்ளைப் பொம்மையை விரும்பின. பதினாறு பேரிடம் செய்த ஆய்வைக் கொண்டு பெரிய முடிவுகளை நிறுவ இயலாது என்று மறுப்போர் அன்றும் இருந்தனர்; பின்னரும் உள்ளனர். எனினும் அவ்வாய்வு சுட்டிய திசை முதன்மையானது. புதிய கட்டடம் தரக்கூடிய எதுவும் அக்குழந்தை தன்னைப் பற்றிக் கொண்ட எண்ணத்தைத் தொடாது.

இந்திய வரலாற்றிலும் இதற்கு இணையான நிகழ்வு உண்டு. 1927இல் மகாத் நகரின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் தலைமையில் மக்கள் நீர் அருந்தினர். நீர் கிடைக்காமையால் அவர்கள் அங்குச் சென்றிலர். மனிதர் அனைவரும் சமம் என்பதை நிலைநாட்டுவதே நோக்கம் என்பதை அவர் தெளிவாக்கினார். அதனையொட்டி எழுந்த வழக்கு 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அவர் தரப்புக்குச் சார்பாக முடிந்தது. வேறொரு குளம் வெட்டித் தருவது அவ்வழக்கிற்கு விடையாகியிராது.

மேல்முறையீட்டுக்கு எதிரான தடைகள்

இம்முடிவை எளிதில் ஏற்றுவிட இயலாதவாறு மூன்று தடைகள் எழுகின்றன.

முதலாவது, குழந்தைகளின் காலம். சட்டம் ஆண்டுக்கணக்கில் நகரும், குழந்தைப்பருவம் காத்திருக்காது. கொள்கைக்காக வழக்கை நீட்டிப்பவர் தம் பிள்ளையின் இன்றைய நன்மையைப் பிறர் பிள்ளையின் நாளைய நன்மைக்கு ஈடாக வைக்கின்றனர். பெற்றோர்க்கு அவ்வுரிமை உண்டா?

இரண்டாவது, கூட்டத்துள் இருக்கும் வேறுபாடு. ஊரார் சேர்ந்து முறையிடும்பொழுது அனைவர் நலமும் ஒன்றே என்னும் தோற்றம் ஏற்படுகிறது. கறுப்பினப் பள்ளிகளில் பணியாற்றிய ஆசிரியர்க்குப் பிரிவினை நீங்குவது அச்சம் தருவதாகவும் இருந்தது. பின்னாளில் தென்மாநிலங்களில் பள்ளிகள் இணைக்கப்பட்டபொழுது ஆயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்கள் பணியிழந்தமை அவ்வச்சம் வீணன்று என்பதைக் காட்டுகிறது.

மூன்றாவது, முடிவெடுப்போர் யார் என்பது. பிரிவினையை நேரடியாக எதிர்ப்பது என்னும் வழக்குக்கொள்கை நியூயார்க்கில் தலைமையகம் கொண்ட அமைப்பு வகுத்தது. சிற்றூர் மக்கள் ஒரு பெரிய போரின் கருவிகளாக ஆக்கப்பட்டனரா என்னும் ஐயம் நியாயமானது.

இம்மூன்றனுள் இறுதித் தடையை முதலில் எடுத்துக்கொண்டால் மற்றவற்றுக்கும் வழி பிறக்கிறது. கையொப்பத்தின் விலை என்ன என்பதை இம்மக்கள் வழக்கிற்கு முன்பே அறிந்திருந்தனர். பியர்சனுக்குக் கடன் மறுக்கப்பட்டது. ஹாரி பிரிக்ஸ் எரிபொருள் நிலையத்தில் பார்த்த வேலையை இழந்தார். எலைசா பிரிக்ஸ் விடுதியில் பார்த்த வேலையை இழந்தார். டிலெய்னின் வீடு எரிக்கப்பட்டது. இத்தனையும் கண்ட பின்னரும் பெயரை நீக்காமல் நின்றவர்களைப் பிறர் கைக்கருவி என்பது பொருந்தாது. கொள்கையை வகுத்தவர் வேறிடத்தில் இருந்திருக்கலாம். அதற்கு விலை கொடுக்க இசைந்தவர் இவ்வூரார். பெற்றதை மறுக்கும் உரிமை விலை கொடுப்போர்க்கே உண்டு. அவர்கள் பெயரால் வேறு எவரும் மறுத்திருப்பின் அது அறமாகாது.

கூட்டத்துள் வேறுபாடு உண்டு என்பது உண்மையே. கூட்டு முறையீடு ஊரின் ஒருமித்த குரல் என்று கொள்வது பிழை. அது தனித்தனியாக முடிவெடுத்தவர்களின் கூட்டம். கையொப்பமிடாதவரின் அச்சத்தை இழிவாகக் கருத வேண்டியதில்லை. அவ்வச்சத்தைக் காட்டிக் கையொப்பமிட்டவரைத் தடுக்கவும் இயலாது.

குழந்தைகளின் காலம் பற்றிய தடையே கடினமானது. அரசு கட்டத் தொடங்கிய புதிய பள்ளிகள் வழக்கின் அச்சத்தால் எழுந்தவை என்று விடை கூறலாம். அவ்விடை வரலாற்றளவில் உண்மையாயினும் அறவினாவைத் தீர்ப்பதில்லை. மேல்முறையீட்டில் கையொப்பமிட்டபொழுது அப்பயனை அவர்கள் உறுதியாக அறிந்திருக்க வழியில்லை. அன்றியும், 'பள்ளியா, சமநிலையா' என்னும் தேர்வைப் பெற்றோர் உருவாக்கவில்லை. வெள்ளையினப் பெற்றோர் எவர்முன்னும் அத்தேர்வு வைக்கப்படவில்லை. ஒரு சாரார் மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையே வழக்கின் பொருளாகும். எனவே அதன் இழப்புக்கான பொறுப்பு, தேர்ந்தவர்மேல் விழுவதைவிடத் தேர்வை வைத்தவர்மேல் விழுவதே முறை. இது பெற்றோரைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறது. குழந்தை இழந்த ஆண்டுகளை மீட்டுத் தருவதில்லை.

தீர்ப்புக்குப் பின்

1952இல் உச்ச நீதிமன்றம் வழக்கை ஒருமுறை திருப்பி அனுப்பியது. கீழ்நீதிமன்றம் மீண்டும் பிரிவினையை ஏற்றது. பெற்றோர் மீண்டும் மேல்முறையீடு செய்தனர். கான்சாஸ் மாநிலத்துப் பிரவுன் வழக்கு உள்ளிட்டவற்றோடு சேர்த்து விசாரிக்கப்பட்டு, 1954 மே 17 அன்று ஒருமனதான தீர்ப்பு வந்தது. பொதுப்பள்ளிகளில் தனித்தனி என்பதற்கு இடமில்லை என்று நீதிமன்றம் அறிவித்தது. உலகம் அதனைப் பிரவுன் தீர்ப்பு என்று அறிகிறது.

கிளாரண்டனில் விளைவு காலந்தாழ்ந்தது. 1955இல் உச்ச நீதிமன்றம் நாள் குறிக்காமல் நிறைவேற்றத்தைக் கீழ்நீதிமன்றங்களிடம் விட்டது. அவ்வாண்டே டிலெய்னின் தேவாலயம் எரிக்கப்பட்டது. அவர் மாநிலத்தை விட்டு வெளியேறினார். அவர்மீதிருந்த குற்றச்சாட்டு அவர் மறைந்து இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் 2000இல் நீக்கப்பட்டது. வழக்கெழுந்த சமர்ட்டன் பகுதியில் கறுப்பின மாணவர் சிலர் வெள்ளையினப் பள்ளியில் சேர்ந்தது 1965இல். 1949இல் பள்ளிச் சிறுவராயிருந்தோர் அதற்குள் பள்ளி வயதைக் கடந்துவிட்டனர். வெள்ளையின மாணவருள் பெரும்பாலோர் தனியார் பள்ளிக்குச் சென்றனர். 2004இல் டிலெய்னுக்கும் பியர்சனுக்கும் பிரிக்ஸ் இணையருக்கும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பொற்பதக்கம் வழங்கப்பட்டபொழுது நால்வரும் உயிருடன் இல்லை.

பிறிதொரு செய்தியும் இங்குக் கருதத்தக்கது. 1993இல் தென் கரோலினாவின் வறிய ஊர்ப்புறப் பள்ளி வட்டங்கள் நிதிப் பற்றாக்குறை குறித்து மாநிலத்தின்மீது அபவில் வழக்கைத் தொடுத்தன. அதன் நீண்ட விசாரணை கிளாரண்டனின் தலைநகரான மானிங் நீதிமன்றத்திலேயே நடைபெற்றது. 2014இல் மாநில உச்ச நீதிமன்றம் வட்டங்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2017இல் தன் மேற்பார்வையை முடித்துக்கொண்டது. பிரிக்கும் சட்டம் நீங்கிய மண்ணில் பொருளின் அளவு மீண்டும் வழக்காயிற்று. நிலைச் சமத்துவம் கிடைத்தால் பொருட்சமத்துவம் தானே வந்துவிடும் என்று கொள்வதும் பிழை என்பது இதனால் புலனாகிறது.

முடிவுரை

கிளாரண்டன் பெற்றோரின் மேல்முறையீட்டை அதன் பயனை மட்டும் கொண்டு அளப்பின் விடை கிடைப்பதரிது. வென்றார்கள், வெற்றியின் பயன் அவர்தம் பிள்ளைகளைச் சென்றடையவில்லை. ஆயின் முறையிடல் என்னும் செயலின் இயல்பைக் கொண்டு நோக்கினால் அவர்கள் செய்தது தெளிவுபெறுகிறது. பேருந்து கேட்டுச் சென்றவர்கள், அதைத் தருவதா மறுப்பதா என்று தீர்மானிக்கும் இடத்தில் மற்றொருவர் மட்டும் இருப்பதே குறை என்று கண்டனர். கண்ட பின் பேருந்தோடு திரும்பியிருப்பின், முறையீடாகத் தொடங்கியது இரத்தலாக முடிந்திருக்கும்.

பொருளைப் பெற்று அமைதியடைய எவர்க்கும் உரிமை உண்டு. அவ்வாறு அமைந்தவரைக் குறைகூறவும் இடமில்லை. ஆனால் பொருளைக் கொடுத்துவிட்டதால் முறைசெய்துவிட்டதாக அரசு கருதுவதற்கு அறத்தில் இடமில்லை என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது. கல்வித்துறை அதிகாரிகளின் வாயிலில் ஊரார் கூடி விண்ணப்பத்தோடு நிற்கும் எவ்விடத்தும், அவர்கள் எவ்வளவு கேட்கிறார்கள் என்பதற்கு முன், எந்நிலையில் நின்று கேட்க வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதே நோக்கத்தக்கது.